என் நாற்காலிக்கு ஆள் தேடிய மாதம்

மார்ச் 3, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரன் இன்றைக்கும் ஒரு கட்டு க்ளெய்மைப் பணம் தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறான். ஆக்சிஜன் மெஷின் வாடகை, ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை, ஒரு சக்கர நாற்காலி, எல்லாம் நம் கடையிலிருந்து நோயாளிகள் வீட்டுக்குக் கொடுத்தவை. ஒவ்வொன்றுக்கும் காரணம் என்று ஒரு நம்பர். அந்த நம்பருக்கு அர்த்தம் பார்க்கப் போனால் அது இன்னொரு நம்பரைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்றில் மட்டும் விஷயம் பிடிபட்டது. மெஷின் கொடுத்ததற்கு மறுநாள்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம், அதனால் பணம் கிடையாதாம். ஆள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது நான் காலண்டரையா பார்த்துக்கொண்டிருப்பேன்? மண்டை காய்கிறது.

மத்தியானம் அண்ணன் கடையின் பின்பக்கத்திலிருந்து வந்தான். ரிப்பேர் வேலையை நடுவில் போட்டுவிட்டு அவன் என் மேசைப் பக்கம் வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டேப்ளரை எடுத்தான், வைத்தான். பில் போடும் வேலையை வெளியில் ஒரு சர்வீஸிடம் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிறானாம். இப்படியே க்ளெய்ம் திரும்பி வந்துகொண்டிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி நம் கடையைத் தன் பட்டியலிலிருந்தே தூக்கிவிடும், அப்புறம் மெஷின் வாடகைக்கு எடுக்க எவன் வருவான் என்றான். உண்மைதான். போன வருஷம் அதை அவனிடம் சொன்னதே நான்தான்.

"எந்த சர்வீஸ் நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லு. மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடலாம். உனக்குத்தானே இந்த வேலை தெரியும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? என் நாற்காலிக்கு நானே ஆள் தேட வேண்டும். நல்ல கூத்து.


மார்ச் 4, புதன்

கோபமா பயமா என்று தெரியவில்லை. ஒரே பில்லை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.


மார்ச் 6, வெள்ளி

முதல் சர்வீஸ்காரர் வந்துவிட்டுப் போனார். பெரிய கம்பெனியாம். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். குரல் தேனாக ஒழுகுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "மேடம்". இனி இங்கே அவர் பெயர் தேன்குரல்.

டாக்டர் கையெழுத்துத் தேதி பிந்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டமே பாத்துக்கும், மேடம்." நோயாளி வீடு மாறிவிட்டால்? சிஸ்டம். ஒரே ஆளுக்கு இரண்டு இன்சூரன்ஸ் இருந்தால்? அதுவும் சிஸ்டம். அந்தச் சிஸ்டத்தையே வேலைக்கு வைத்துக்கொள்கிறோம், நீங்கள் எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. அண்ணன் முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அவர் போனதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பார், அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது! எனக்குத் தெரிந்ததில் கால்வாசிகூடத் தெரியாது. அந்த சந்தோஷத்தில் மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

சாயங்காலம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. பில் போடுவதை நிறுத்தினால் நான் இந்தக் கடையில் யார்? முதலாளி அண்ணன். மெஷினைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருகிறவர் வண்டிக்காரர். நான்? முதலாளியின் தங்கை. புகுந்த வீடு சரிப்படாமல் திரும்பி வந்தவளுக்கு அண்ணன் கடைக்கு மேலே ஒரு அறையும் கடைக்குள் ஒரு நாற்காலியும் கொடுத்தான். பில் போடத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்று புளுகினேன். அதற்கப்புறம் ராவும் பகலுமாகக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் யார் தயவிலும் இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்த ஒரு நாற்காலிதான்.


மார்ச் 9, திங்கள்

வண்டிக்காரர் ஒரு வீட்டுக்கு ஆக்சிஜன் குழாய் மாற்றப் போய்விட்டு, குழாயைக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்தார். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவ்வளவு நிதானமான மனுஷர். சிக்னலில் பச்சை விழுந்தால்கூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அந்த வீட்டுப் பெரியவர் போய்விட்டார் என்றார். வாசலில் செருப்பாகக் கிடந்ததாம், உள்ளே போகாமல் திரும்பிவிட்டாராம்.

அவருடைய ஃபைலை அலமாரியிலிருந்து உருவித் தலைகீழாகத் திருப்பிச் செருகினேன்.

இது என் ஏற்பாடு. ஃபைல் தலைகீழாக இருந்தால் ஆள் போய்விட்டார், மெஷின் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, பில் அனுப்பக் கூடாது. அவர்களாகப் போன் பண்ணி எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லும்வரை அது அப்படியே நிற்கும். நாமாகக் கேட்பதில்லை. அது அண்ணன் போட்ட சட்டம். அப்பா போன அன்று, வந்தவர்கள்கூட எழுந்து போகவில்லை, கட்டில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஸ்பேனரும் கையுமாக வந்து நின்றார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலின் கால்பக்கத்தைத் தனியாகத் தலைப்பக்கத்தைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பிற்பாடு அண்ணன் இந்தக் கடையைத் திறந்தபோது முதலில் சொன்னதே, போன வீட்டுக்குப் போன் பண்ணி மெஷினைக் கேட்கக் கூடாது என்பதுதான்.

அலமாரியைப் பார்த்தேன். நிறையத் தலைகீழ். சில வீடுகள் ரொம்ப காலமாகக் கூப்பிடவே இல்லை. மறந்துவிட்டார்கள் போல.


மார்ச் 11, புதன்

இரண்டாவது சர்வீஸ். ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். ஒரு வாடகை வீட்டில் இன்னும் இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு இதை நடத்துகிறாராம். லேப்டாப் எல்லாம் திறக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தன்னிடம் இருக்கிறது என்றார். சிரிப்பே கிடையாது. பேர் வைத்தாயிற்று: கறார்.

திரும்பி வந்த க்ளெய்ம் கட்டைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, மேசையில் சீட்டு பிரிப்பது மாதிரி மூன்று குவியலாகப் போட்டார். இது மறுபடி அனுப்பினால் வரும், இதற்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினால் வரும், இது வராது, விட்டுவிடுங்கள். வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் இவர்தான். தேன்குரல் எல்லாம் வரும் என்றாரே.

அப்புறம் கேள்விகள். யாரிடம் எது கொடுத்தோம் என்று எங்கே எழுதுகிறீர்கள்? கையெழுத்து யார் வாங்குகிறார்கள்? எனக்கு வேலை கொடுக்கப் பேட்டி எடுப்பது மாதிரி இருந்தது. எரிச்சல் வந்துவிட்டது. யார் யாரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது இங்கே?

"ஒரு வாடகை முடிஞ்சிருச்சுன்னு நீங்க எப்படிக் குறிக்கிறீங்க?" என்றார்.

"மெஷின் திரும்பி வந்தா முடிஞ்சுது," என்றேன்.

பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. தலைகீழ் ஃபைல் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? இன்னும் என்னென்ன கேட்பாரோ என்றிருந்தது. அது என்னுடையது என்றும் இருந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டார்.


மார்ச் 12, வியாழன்

நேற்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். கறார் நல்ல ஆள். என்னைவிட நல்ல ஆள். அவரிடம் கொடுத்தால் கடை பிழைக்கும், நான் வேண்டாதவள் ஆகிவிடுவேன். தேன்குரலிடம் கொடுத்தால் கொஞ்ச நாளில் எல்லாம் குழம்பி, "அம்மா தாயே, நீயே பாத்துக்கோ" என்று அண்ணன் என்னிடம் வருவான். அதற்குள் கடை இருக்குமோ இருக்காதோ.

ஆக, நல்லவரைத் தேர்ந்தெடுத்தால் நான் போகிறேன். மோசமானவரைத் தேர்ந்தெடுத்தால் கடை போகிறது. யாரிடம் போய் இதைச் சொல்வேன்?


மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி ரொம்ப அன்பாகத்தான் சொன்னார், "இனிமே நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம்மா. எத்தனை வருஷம் கஷ்டப்பட்டுட்டே" என்று. அந்த அன்புதான் தாங்கவில்லை. ரெஸ்ட்டா! ஓய்வெடுக்க நான் என்ன ரிப்பேருக்கு வந்த மெஷினா? அப்படியே சொல்லிவிட்டேன். அண்ணி முகம் சுண்டிப்போயிற்று. அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

திரும்பி வரும்போது வெட்கமாக இருந்தது. அண்ணி என்னிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. நாளைக்குப் போன் பண்ண வேண்டும்.


மார்ச் 16, திங்கள்

அண்ணிக்குப் போன் பண்ணவில்லை. கறாருக்குப் பண்ணினேன். வாடகை ஃபைல்களை மட்டும் ஒரு மாதம் வெள்ளோட்டம் பார்க்கலாம் என்றேன். அண்ணனுக்கு ஏக சந்தோஷம். பொறுப்பாக முடிவெடுத்தாயே என்றான். எனக்குப் பொறுப்பும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.


மார்ச் 17, செவ்வாய்

ஃபைல்களை ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டும் என்று கறாரிடமிருந்து காலி அட்டைப்பெட்டிகள் வந்தன. அவசரம்தான் அடுக்கினார். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றேன்.

"என்னங்க இது, கண்டபடி செருகி வெச்சிருக்கீங்க," என்று சொல்லிக்கொண்டே தலைகீழாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து நேராக்கினார். மேசையில் தட்டி, ஓரம் சமமாக்கி, பெட்டிக்குள் வைத்தார். அந்த மனுஷர் வாழ்நாளில் வேகமாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

வாயைத் திறந்தேன். போன் அடித்தது. எடுக்கப் போனேன். பேசி முடித்துத் திரும்பியபோது டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

போன் வராவிட்டால் சொல்லியிருப்பேனா?


மார்ச் 18, புதன்

இப்போதுகூடக் கறாருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம். நாளைக்குச் சொல்கிறேன்.


மார்ச் 20, வெள்ளி

திரும்பி வந்திருந்த க்ளெய்ம்களில் கறார் முதல் குவியலில் போட்டதெல்லாம் ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. அண்ணன் பின்பக்கத்தில் விசிலடித்துக்கொண்டு வேலை செய்கிறான். அவன் விசிலடித்து எத்தனை காலம் ஆயிற்று.

எனக்கு மேசையில் வேலை இல்லை. பேனா மூடிகளையெல்லாம் சரியான பேனாவில் போட்டேன். ஜன்னலைத் துடைத்தேன். கடைக்கு வந்த ஒருவருக்கு ஊன்றுகோல் உயரம் வைத்துக் கொடுத்தேன், தப்பான உயரம். அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டுச் சிரித்தார்.

கறாருக்கு இன்னும் சொல்லவில்லை. பில் மாசக் கடைசியில்தானே போகும். நேரம் இருக்கிறது.


மார்ச் 25, புதன்

நேரம் இல்லை. பில்கள் போய்விட்டன. கறார் எதையும் கடைசிவரை வைத்திருக்கிற ஆள் இல்லையே, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

காலையில் ஒரு பெண் போன் பண்ணினாள். அவளுடைய அம்மா நம் கட்டிலில்தான் கடைசிவரை படுத்திருந்தார். வாடகையில் அவர் கட்ட வேண்டிய பங்குக்கு அந்த அம்மா பேரிலேயே வீட்டுக்கு பில் போயிருக்கிறது. தபால்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தாராம். அந்தப் பெண் முதலில் திட்டினாள், அப்புறம் பேச முடியாமல் அழுதாள். அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கி மன்னிப்புக் கேட்டான். வைத்த கையோடு இன்னொரு வீட்டிலிருந்து போன். அதுவும் அதே கதை.

அண்ணனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. கறாரைக் கூப்பிட்டுக் கத்தினான். மனுஷத்தனம் இல்லையா, செத்தவங்களுக்கா பில் அனுப்புவீங்க, இதுக்கா உங்ககிட்ட கொடுத்தோம் என்று. அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை.

போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இந்த வெளி ஆளுங்க சகவாசமே வேண்டாம். நீ இருக்கிற வரைக்கும் இப்படி ஒண்ணு நடந்திருக்கா? நீயே பாத்துக்கோ. நீ இல்லாம ஆகாது."

நீ இல்லாம ஆகாது. இதைக் கேட்கத்தானே மாசம் பூரா துடித்தேன். கிடைத்துவிட்டது. சரி என்று தலையாட்டினேன். சாயங்காலம் வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.


மார்ச் 26, வியாழன்

முடியலை. என்னால முடியலை. அந்தப் பொண்ணு அழுதது காதுலயே இருக்கு. அவ அம்மா ஃபைலை நான்தான் திருப்பி வெச்சேன், என் கையால. அதை அவசரம் நேராக்கினப்போ பாத்துக்கிட்டு நின்னேனே, குத்துக்கல்லு மாதிரி. என்ன பொம்பளை நான்?

காபி நேரத்தில் பின்பக்கம் போனேன். அண்ணன் ஒரு ஆக்சிஜன் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தான். தரையெல்லாம் திருகாணி. நின்றபடியே சொன்னேன். ஃபைலைத் தலைகீழாக வைப்பது, அது யாருக்கும் தெரியாது என்பது, கறார் கேட்டபோது பாதி சொன்னது, பெட்டியில் அடுக்கியபோது நின்றது. எல்லாம்.

"பாத்துக்கிட்டா நின்னே?"

"ஆமா."

"வேணும்னேவா?"

"தெரியலை," என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ண வாய் வரவில்லை.

ஒரு திருகாணியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். தான் கேட்காமலே நானாக வந்து எதற்கு இதைச் சொல்கிறேன் என்று கேட்டான். சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரிந்தே இருக்காதாம். நீ அந்த சர்வீஸ் அம்மாவைத் திட்டினாய், அவர் மேல் தப்பே இல்லை என்றேன். அப்புறம் ஒன்று கேட்டான், அதுதான் சுருக்கென்று தைத்தது. "உனக்கு ஒரு காய்ச்சல்னு நாலு நாள் படுத்திருந்தா, நானே அந்த பில்லை அனுப்பியிருப்பேனே. எனக்கும் தெரியாதே."

கடையில் என் இடத்துக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்று நான் அலமாரியை இப்படி வைத்திருந்தேனா? இதையும் நான் தெரியாமல்தான் செய்தேனா?

கடை மூடும் நேரத்தில் அண்ணன் சாவியை என் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.


மார்ச் 27, வெள்ளி

கறாருக்குப் போன் பண்ணினேன். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், இல்லாவிட்டால் மறுபடி பாதியைத்தான் சொல்வேன். இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன் என்பார் என்று நினைத்தேன்.

"தலைகீழா இருந்தது எந்தெந்தப் பேர்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எல்லாப் பேரும் சொன்னேன். பார்க்காமலே சொன்னேன். பில்களை இன்றைக்கே வாபஸ் வாங்கிவிடுவதாகச் சொன்னார். ஆள் போன தேதியோடு வாடகையை நிறுத்திவிட்டால் பில் தானாக நிற்கும், மெஷின் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், இந்த இரண்டு தேதியையும் ஏன் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

"அந்த வீடுகளுக்குக் கடிதாசு நான் அனுப்ப மாட்டேன். நேர்ல போகணும். போக வேண்டியது நீங்க," என்று வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கறாரிடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.


மார்ச் 28, சனி

போனேன். அழுத பெண்ணின் வீட்டுக்கு முதலில். அவசரம்தான் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், தான் அந்த ஃபைல்களை நேராக்காமல் இருந்திருக்கலாம் என்று புலம்பிக்கொண்டே வந்தார். நேராக்கினது நீங்கள், பார்த்துக்கொண்டு நின்றது நான், பேசாமல் ஓட்டுங்கள் என்றேன். வழக்கமான ஆமை வேகத்தில்தான் ஓட்டினார். எனக்கு அதுவே வேகமாகத் தெரிந்தது.

கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னவள். தப்பு சர்வீஸ்காரர்கள் மேல் இல்லை, என் மேல் என்று வாசலிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டு, உள்ளே வரச் சொன்னாள்.

கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நம் கட்டில். அதன்மேல் மடித்த துணிகள் மலையாக. தலைப்பக்கக் கம்பியில் பள்ளிக்கூடப் பை தொங்கியது. சமையலறைக்குப் போக வேண்டும் என்றால் பக்கவாட்டில் திரும்பிப் போக வேண்டும். அவள் முழங்காலில் ஒரு தழும்பு, கட்டிலின் கைப்பிடி இடித்து வந்தது என்றாள்.

இதை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கேக்கவே இல்லையே. நாங்களா கூப்பிட்டா, இத்தனை நாள் வெச்சிருந்ததுக்கு என்ன சொல்வீங்களோன்னு பயமா இருந்துச்சு. நாளாக ஆக இன்னும் பயம். அதுல உக்கார மனசு வரலை. தூக்கி வெளிய வைக்க அது எங்க சாமானும் இல்லை. அம்மா போனாங்க, கட்டில் போகலை."

நாங்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தோம் என்றேன். சொல்லும்போதே எனக்கே சரியாகப் படவில்லை. அவள் கோபப்படவில்லை. துணிகளை இறக்க ஆரம்பித்தாள். நானும் இறக்கினேன். அவசரம் ஸ்பேனரை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கையாலேயே திருகுகளைத் தளர்த்தினார். தலைப்பக்கம் கழன்றதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இன்னும் மூன்று வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மற்ற இரண்டிலும் மெஷின் ஓரமாக, போர்வை போட்டு மூடி வைத்திருந்தது. யாரும் மறக்கவில்லை. மறந்திருப்பார்கள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.


மார்ச் 29, ஞாயிறு

அண்ணிக்குப் போன் பண்ணினேன். ஒரு வழியாக. மெஷின் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எந்த மெஷின்?" என்றார். மறந்தே போய்விட்டாராம், அல்லது மறந்த மாதிரி பேசினாரோ. அழுகை வந்துவிட்டது.


மார்ச் 31, செவ்வாய்

மாசக் கடைசி. அண்ணனிடம் கறார் என்று சொன்னேன். பில் வேலை முழுவதும், வாடகை, விற்பனை எல்லாம். வெளி ஆள் வேண்டாம் என்று நான்தான் சொன்னேனே என்பான் என்று நினைத்தேன். அவன் நேற்றே கறாரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டானாம். திட்டும்போது இருந்த சத்தம் இதற்கு இல்லையாம். கறார் சரி என்றாராம், அவ்வளவுதானாம்.

அப்புறம் என் விஷயம். போன வீடுகளுக்கு இனிமேல் நாம்தான் கூப்பிட வேண்டும், அதை நான் செய்கிறேன், எடுக்கப் போகும்போதும் நானே கூடப் போகிறேன் என்றேன். அண்ணன் முகம் இறுகிவிட்டது. அவன் போட்ட சட்டம் அல்லவா? அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். கட்டில் போகவில்லை என்றதையும்.

"நம்ம வீட்டுக்கு அன்னைக்கு வந்தவங்க சீக்கிரம் வந்துட்டாங்க," என்றான். "நாம வரவே இல்லை போலிருக்கே."

பிறகு, என்னால் பதமாகப் பேச முடியுமா என்று கேட்டான். எனக்கே சந்தேகம்தான். என் வாய் அப்படி. பழகிக்கொள்கிறேன் என்றேன்.

கையெழுத்துப் போட கறார் வந்தார். என் மேசையில்தான் போட்டோம். நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். உள்ளுக்குள் ஏதோ பிடுங்கிய மாதிரிதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் எழுந்தபோது, இறந்தவர்கள் தகவல் யாரிடமிருந்து வரும் என்று கேட்டார். என்னிடமிருந்து என்றேன். எழுதிக்கொண்டார்.


ஏப்ரல் 2, வியாழன்

மூன்று பேருக்குப் போன். முதல் ஆளிடம் சொதப்பிவிட்டேன். "உங்க வீட்டு மெஷின்" என்று ஆரம்பித்ததும் வைத்துவிட்டார். இரண்டாவது ஆளிடம் மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன், அவரே சொன்னார். மூன்றாவது வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று கேட்டார்கள். இருக்கட்டும், பில் எதுவும் வராது, எப்போது தோன்றுகிறதோ சொல்லுங்கள் என்றேன்.

மத்தியானம் என் நாற்காலியில் உட்காரவே நேரம் இல்லை. அதில் யாரும் உட்காரவும் இல்லை.


ஏப்ரல் 9, வியாழன்

இன்றைக்கு ஒரு மாடி வீடு. மனைவியை இழந்த பெரியவர், தனியாக இருக்கிறார். ஆக்சிஜன் மெஷினை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே நேற்று போனில் அண்ணனிடம் சொல்லியிருந்தார். அவசரம் வண்டியின் எஞ்சினை அணைக்காமலே கீழே நின்றார். நான் மட்டும் மேலே போனேன்.

கதவைத் திறந்து, நான் யார் என்று சொன்னதும் அவர் நகரவே இல்லை. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். என் முகம் அவருக்குத் தெரியாது, இத்தனை வருஷமாகக் குரல்தான் தெரியும்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். பில்லு விஷயமா வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. பில்லுக்கு இப்ப வேற ஒருத்தர் இருக்காங்க. நான் மெஷினை எடுக்கறதுக்கு வந்தேன். உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னும்."

நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்படின்னா உள்ள வந்து உக்காருங்க," என்றார்.

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, வண்டியை அணைத்துவிடச் சொல்லி அவசரத்துக்குக் கைகாட்டினேன். உட்கார்ந்தேன்.